பத்து சென்டிமீட்டர் வழக்கு

கல்யாண வீட்டில் சண்டை மூள்வதற்குக் காரணங்களுக்குப் பஞ்சமே இல்லை. பந்தியில் ஒருவர் இலைக்குப் பாயசம் வராமல் போனால் போதும். ஆனால் திருச்சியில் நான் போயிருந்த ஒரு திருமணத்தில் மூண்ட சண்டைக்குக் காரணம், விரல் நீளத்திற்குச் சற்றே மிகுந்த ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோட்டைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறேன். உங்கள் ஜியாமிதிப் பெட்டியை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் நல்லது.

முகூர்த்தம் முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். மண்டபத்தின் முற்றத்தில் மதில் சுவரை நோக்கி முகம் வைத்து, கார்கள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றுள் ஒரு வெள்ளைக் கார், மணப்பெண்ணின் பெரியப்பாவுடையது. ஏதோ வாங்கி வருவதற்காக அவர் வண்டியைப் பின்னோக்கி எடுத்து வெளியே வர எண்ணினார். அவருடைய வண்டிக்கு இடப்பக்கம் ஓர் இடம் காலியாக இருந்தது. அந்த இடத்திற்குள் ஒரு சிவப்புக் கார் நுழைந்தது. அதை ஓட்டி வந்தவர் மாப்பிள்ளையின் அக்காள் கணவர். 'கர்ர்ர்' என்று ஓர் ஓசை. இருவரும் இறங்கிப் பார்த்தார்கள்.

சிவப்புக் காரின் முன்பக்க பம்பரில், வலது மூலையில் உள்ளங்கை அகலத்திற்கு வண்ணம் உரிந்து, உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது. வெள்ளைக் காரில் பார்த்தால் முன் இடச் சக்கரத்தின் பிளாஸ்டிக் மூடியில், 'வீல் கப்' என்கிறோமே அதில், ஒரு சிவப்புக் கோடு மட்டுமே இருந்தது.

"என்ன சார், நான் வண்டியை நிறுத்தி கைப்பிரேக்கும் போட்டாச்சு. நீங்க பார்க்காம ரிவர்ஸ் எடுத்து இடிச்சிட்டீங்களே!"

"தம்பி, என் வண்டி நின்ன இடத்தைவிட்டு அசையவே இல்லை. இப்பத்தான் கியரே போட்டேன். வந்து உரசினது நீங்க."

மண்டபத்துக் கேமரா வாசலைப் பார்த்துக்கொண்டிருந்ததே தவிர, அந்த மூலையைப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்த சாட்சி எவரும் இல்லை. ஆனால் கருத்துச் சொல்ல இருபது பேர் கூடிவிட்டார்கள். பெண் வீட்டார் பத்துப் பேர், மாப்பிள்ளை வீட்டார் பத்துப் பேர்.

பம்பருக்கு வண்ணம் அடிக்க நாலாயிரம் ரூபாய் ஆகும் என்றார் கூட்டத்தில் ஒருவர். காப்பீடு இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஓராண்டு முழுவதும் இழப்பீடு கோராமல் இருந்தால், நம் சொந்த வண்டியின் சேதத்திற்கான காப்பீட்டுக் கட்டணத்தில் அடுத்த ஆண்டு 20 விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கோராவிட்டால் இது 50 விழுக்காடு வரை உயரும். ஒரு முறை கோரிவிட்டால் அடுத்த ஆண்டு அந்தச் சலுகை போய்விடும். ஆகவே நாலாயிரம் ரூபாய்க்காக எவரும் காப்பீட்டு நிறுவனத்தை நாடுவதில்லை. இத்தகைய வழக்குகள் அந்த இடத்திலேயே, குரலின் உயரத்தைக் கொண்டு தீர்க்கப்படுகின்றன.

பெண்ணின் தந்தை பயந்துபோய், தானே பணத்தைக் கொடுத்துவிடுகிறேன் என்று சட்டைப் பைக்குள் கைவிட்டார். பெரியப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ கொடுத்தா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்" என்றார். எதிர்ப்பக்கத்திலும் இதே நிலைதான். பணம் ஒரு பொருட்டே இல்லாமல் போயிற்று. இரண்டு நல்ல மனிதர்களில் ஒருவர் பொய்யர் என்று கூட்டம் முடிவு கட்டிவிட்டது. எவர் என்பதில் மட்டும்தான் கருத்து வேற்றுமை!

அடிபட்டது எதுவோ அது நிரபராதியா?

கூட்டத்தில் முதலில் எழுந்த வாதம் இது: "சிவப்பு வண்டிக்குத்தான் அடி பலம். வெள்ளைக்கு ஒன்றுமே இல்லை. ஆகவே இடித்தது வெள்ளைதான்." கேட்பதற்கு நியாயமாகத் தோன்றுகிறது அல்லவா? இயற்பியல் இதை ஒப்புக்கொள்ளாது.

ஒவ்வொரு வினைக்கும் அதற்குச் சமமான எதிர்வினை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை நீங்கள் படித்திருக்கிறீர்கள். சிவப்புக் கார் வெள்ளைக் காரின்மீது எவ்வளவு விசையைச் செலுத்தியதோ, அதே அளவு விசையை வெள்ளைக் காரும் சிவப்புக் காரின்மீது செலுத்தியது. ஓடிவந்தது எது, நின்றது எது என்பதைப் பொறுத்து இந்த விசை ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறைவதில்லை. அப்படியானால் சேதம் மட்டும் ஏன் ஏறத்தாழ ஒரு பக்கமாகவே இருக்கிறது? விசை சமமாக இருந்தாலும், அதை வாங்கிக்கொண்ட பொருள்கள் சமமானவை அல்ல. முட்டையையும் அம்மியையும் மோதவிட்டால், எதை எதன்மேல் போட்டாலும் உடைவது முட்டைதான்.

இக்காலத்துப் பம்பர்கள் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. மெதுவாக மோதினால் அவை உள்ளே அமுங்கிப் பின் பழைய வடிவத்திற்கு மீளும். ஆனால் அதன்மேல் பூசிய வண்ணத்திற்கு அவ்வளவு வளையும் தன்மை இல்லை. அது விரிந்து உரிந்துவிடுகிறது. கதவுத் தகடோ ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத எஃகு. சிறிய அழுத்தத்தைத் தாங்கி மீளும். மீள்திறன் எல்லையைக் கடந்துவிட்டால் குழி விழுந்து அப்படியே நின்றுவிடும். இதனால்தான் கதவில் பெரிய பள்ளமும், அதை உண்டாக்கிய பம்பரில் வெறும் கீறலும் காண்கிறோம். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் காரின் எஃகுப் பம்பரை உங்கள் தாத்தாவுக்கு நினைவிருக்கும். அது எவரை இடித்தாலும் ஒரு தழும்பும் இல்லாமல் நிற்கும். அதனால் அம்பாசிடர் ஓட்டியவர்கள் எல்லாரும் குற்றவாளிகள் என்றாகிவிடுமா?

ஆக, சேதத்தின் அளவு நமக்கு உதவாது. சேதத்தின் வடிவம் உதவக்கூடும்.

தொட்டால் தடம்

பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் 1910-ல் எட்மண்ட் லொக்கார்ட் என்பவர் காவல்துறைக்கென ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டால், ஒவ்வொன்றும் மற்றதன்மீது தன்னில் கொஞ்சத்தை விட்டுச் செல்லும் என்பது அவர் பெயரால் வழங்கும் கொள்கை. தடய அறிவியல் முழுவதும் ஏறத்தாழ இதன்மேல்தான் நிற்கிறது.

காரின் வண்ணப்பூச்சு இதற்கு ஏற்ற பொருள். எஃகுத் தகட்டின்மேல் துரு பிடிக்காமல் காக்கும் பூச்சு, அதன்மேல் சமன்செய்யும் பூச்சு, பிறகு நிறம் தரும் பூச்சு, கடைசியாகக் கண்ணாடி போன்ற மேற்பூச்சு என்று பல அடுக்குகள் அதில் உள்ளன. எல்லாம் சேர்ந்தும் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் இருக்கும். ஒன்றிரண்டு தலைமுடிகளின் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேற்பூச்சில் மட்டும் விழுந்த கீறல் நீர் தெளித்தால் மறைந்துவிடும், காய்ந்ததும் மீண்டும் தெரியும். நகத்தால் தடவும்போது நகம் சிக்கினால், கீறல் நிறப்பூச்சுவரை இறங்கிவிட்டது என்று அறியலாம். கூர்மையான பொருள் ஒன்று பூச்சை உழுதுகொண்டு போகும்போது, ஏர் முனையில் மண் சேர்வதுபோல் அதன் முன்னால் துகள்கள் சேரும். நகர்வு நின்ற இடத்தில் அவை சிறு மேடாகத் தங்கிவிடும். கீறல் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்பதை ஒரு கைவில்லை கொண்டு பார்த்தாலே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

மண்டபத்தில் நாங்கள் முதலில் செய்ததும் இதுதான். பத்தாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், தன் கைபேசியில் இரண்டு வண்டிகளின் தடங்களையும் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தாள். (அளவுகோல் இல்லாத தடயப் படம் பாதி படம்தான். இதை அவளே சொன்னாள், நான் சொல்லவில்லை.) வீல் கப்பின் கோடு அதன் விளிம்பில் தொடங்கி, மையத்தை நோக்கிச் சென்று, நடுவழியில் நின்றிருந்தது. நின்ற இடத்தில் சிவப்புத் துகள்கள் குவிந்திருந்தன. இதிலிருந்து தெரிவது என்ன? சிவப்புக் காரின் மூலை, வெள்ளைக் காரின் சக்கரத்தைப் பின்பக்க விளிம்பில் தொட்டு, முன்நோக்கி உரசிச் சென்றிருக்கிறது.

மாப்பிள்ளை வீட்டார் முகம் வாடியது. பெண் வீட்டார், "பார்த்தீங்களா? சிவப்புதான் முன்னால வந்து உரசியிருக்கு!" என்றார்கள்.

சற்றுப் பொறுங்கள் என்றேன். சிவப்பு முன்னால் வந்தாலும் இதே கோடு விழும். சிவப்பு நிற்க, வெள்ளை பின்னால் போனாலும் இதே திசையில்தான் கோடு விழும்!

கப்பல் அறையில் கலிலியோ

இங்கேதான் நாம் ஓர் ஆழமான உண்மையைச் சந்திக்கிறோம். 1632-ல் வெளியிட்ட நூலில் கலிலியோ ஒரு சோதனையைக் கற்பனை செய்யச் சொல்கிறார். கப்பலின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறையில் இருக்கிறீர்கள். பூச்சிகள் பறக்கின்றன, குடுவையிலிருந்து நீர் சொட்டுகிறது. கப்பல் நிற்கும்போதும், சீரான வேகத்தில் அலுங்காமல் செல்லும்போதும் இவை அனைத்தும் ஒரே மாதிரிதான் நிகழும். அறைக்குள் நடப்பதை மட்டும் பார்த்து, கப்பல் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல இயலாது.

இரண்டு கார்கள் உரசும்போதும் இதே விதிதான். அவற்றின் தோல்களுக்குத் தெரிவது ஒன்றைப் பொறுத்து மற்றொன்றின் வேகம், அதாவது சார்புத் திசைவேகம் மட்டுமே. மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் வெள்ளை பின்னால் வந்தாலும், அதே வேகத்தில் சிவப்பு முன்னால் வந்தாலும், ஒவ்வொன்றும் அரை கி.மீ. வேகத்தில் எதிரெதிராக நகர்ந்தாலும் பம்பருக்கு ஒன்றுதான். நெளிந்த தகட்டையும் உரிந்த வண்ணத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு 'நின்றது யார்' என்று தீர்ப்புச் சொல்பவரை நம்பாதீர்கள். தகட்டிற்கே அது தெரியாது.

அப்படியானால் யாருக்குத் தெரியும்? தரைக்குத் தெரியும். 'நின்றேன்' என்று இருவரும் சொன்னதன் பொருளே, 'தரையைப் பொறுத்து நின்றேன்' என்பதுதான். தரையோடு தொடர்புடைய ஏதாவது ஒன்று சாட்சிக்கு வந்தால்தான் வழக்குத் தீரும். வேகமாக வந்து பிரேக் போட்ட வண்டியானால் தரையில் டயர்த் தடம் இருக்கும். நடை வேகத்தைவிடக் குறைவாக நகரும் வண்டிகள் அப்படி எதையும் விட்டுச் செல்வதில்லை. அதிலும் அங்கே சிமெண்டுத் தளம்.

ஆனால் காரில் தரையோடு ஒட்டி உறவாடும் உறுப்பு ஒன்று இருக்கிறது. நல்ல வேளையாக, கோடு விழுந்தது அதில்தான்.

சக்கரம் எழுதிய கோடு

கார் நகர்ந்தால் சக்கரம் சுழலும். வழுக்காமல் உருளும் சக்கரம், வண்டி எவ்வளவு தூரம் நகர்ந்ததோ அதற்கேற்ற அளவு, கூடாமல் குறையாமல், சுழலும். வண்டி நின்றால் சக்கரமும் நிற்கும். எனவே சக்கரத்தின் முகத்தில் விழும் கோட்டில், அந்த வண்டி தரையைப் பொறுத்து எவ்வளவு நகர்ந்தது என்ற செய்தி ஒளிந்திருக்க வேண்டும்.

இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? இனிப்புப் பெட்டியின் அட்டை மூடியைக் கவராயத்தால் 7 செ.மீ. ஆரம் கொண்ட வட்டமாக வரைந்து வெட்டினோம். நீங்களும் இதைச் செய்து பாருங்கள். மேசைமேல் ஒரு நீண்ட அளவுகோலை அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அதுதான் தரை. அட்டை வட்டத்தை மேசையில் படுக்கவைத்து, அதன் விளிம்பு அளவுகோலைத் தொட்டபடி, வழுக்காமல் உருட்டுங்கள். அதுதான் சக்கரம். நண்பர் ஒருவர் ஒரு ஸ்கெட்ச் பேனாவை அளவுகோலிலிருந்து 7 செ.மீ. தொலைவில், அதாவது சக்கரத்தின் மையம் செல்லும் பாதையில், பிடித்துக்கொள்ளட்டும். பேனாதான் மற்றொரு காரின் பம்பர் மூலை.

முதல் சோதனை. வட்டத்தை அசைக்காதீர்கள். நண்பர் பேனாவை விளிம்பிலிருந்து மையம்வரை நகர்த்தட்டும். நேர்கோடு விழும்.

இரண்டாவது சோதனை. இப்போது பேனா அசையக்கூடாது. வட்டத்தைப் பேனாவை நோக்கி உருட்டுங்கள். பேனா விளிம்பைத் தொட்ட நேரம் முதல், மையம் வந்து பேனாவைச் சேரும்வரை உருட்டிவிட்டு அட்டையை எடுத்துப் பாருங்கள். கோடு வளைந்திருக்கும்! விளிம்பில் கோடு தொடங்கிய புள்ளியை மையத்தோடு இணையுங்கள். கோடு மையத்தை வந்தடையும் திசையையும் வரையுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட கோணம் ஏறத்தாழ 57 டிகிரி இருக்கும். ஆரத்தின் அளவு தூரம் உருண்டால் சக்கரம் திரும்பும் கோணம் ஒரு ரேடியன். அதுவே இந்த 57 டிகிரி.

மூன்றாவது சோதனைக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். வட்டத்தை நீங்கள் உருட்ட, நண்பரும் பேனாவை அதே வேகத்தில் எதிர்த்திசையில் நகர்த்தட்டும். இப்போதும் வளைந்த கோடுதான் விழும். ஆனால் வளைவு பாதியாகிவிடும்.

இந்த வளைகோட்டிற்கு நெடுங்காலமாகவே ஒரு பெயர் உண்டு. சீராகச் சுழலும் ஒரு கோட்டின்மேல் ஒரு புள்ளி சீராக நகர்ந்து சென்றால் உண்டாகும் சுருளை, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் ஆராய்ந்து, சுருளிகளைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஆர்க்கிமிடீஸ் சுருளி என்பது இதுதான். கல்யாண மண்டபத்து வாசலில் அது வந்து நிற்கும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பெரியவர்கள் அட்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். பேச்சு அடங்கியது. அனைவரும் வெள்ளைக் காரின் சக்கரத்தருகே குனிந்தார்கள்.

கோடு வளைந்திருந்தது.

அளந்து பார்த்தோம்

பெரியப்பாவின் முகத்தை நான் அப்போது பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை. வளைவு இருக்கிறது என்றால் அவருடைய சக்கரம் சுழன்றிருக்கிறது, வண்டி நகர்ந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் இதை உடனே புரிந்துகொண்டார்கள். "அளக்காமல் முடிவு செய்ய வேண்டாம்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். வளைவு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, எவ்வளவு இருக்கிறது என்பது வேறொரு கேள்வி அல்லவா?

டயரில் சாக்கட்டியால் ஒரு குறியும் அதற்கு நேராகத் தரையில் ஒரு குறியும் இட்டு, வண்டியைச் சக்கரம் ஒரு முழுச் சுற்று வரும்வரை தள்ளினோம். நகர்ந்த தூரம் 176 செ.மீ. அதுதான் சக்கரம் உருளும் சுற்றளவு. ஆரம் 28 செ.மீ. என்று ஆகிறது. சிவப்புக் காரின் பம்பரில் உரிந்த இடத்தின் உயரத்தை அளந்தால், அதுவும் தரையிலிருந்து 28 செ.மீ. இருந்தது! சக்கரத்தின் மைய உயரமும் பம்பர் தொட்ட உயரமும் ஒன்றாக அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம்தான். இல்லாவிட்டால் கணக்கு இன்னும் சிக்கலாகியிருக்கும்.

பிறகு வீல் கப்பைக் கழற்றி, சாப்பாட்டுக் கூடத்து மேசைமேல் காகிதம் விரித்து வைத்தோம். கோடு மையத்திலிருந்து 17 செ.மீ. தொலைவில் தொடங்கி 7 செ.மீ. தொலைவில் முடிந்திருந்தது. ஆகவே உரசல் நிகழ்ந்த நேரத்தில், இரண்டு வண்டிகளும் ஒன்றையொன்று பொறுத்து நகர்ந்த தூரம் 10 செ.மீ. சண்டை முழுவதும் இந்தப் பத்து சென்டிமீட்டருக்குத்தான்.

இந்தப் பத்தும் வெள்ளைக் காருடையது என்றால், சக்கரம் 176-ல் 10 பங்கு சுற்றியிருக்க வேண்டும். 360 டிகிரியில் அது 20 டிகிரிக்குச் சற்று மேல். பத்தும் சிவப்புக் காருடையது என்றால் கோணம் சுழி.

மையத்திலிருந்து கோட்டின் தொடக்கத்திற்கு ஒரு நூல், முடிவிற்கு ஒரு நூல் பிடித்து, அந்தப் பெண் கோணமானியை வைத்தாள். 12 டிகிரி. இன்னொரு முறை பார்த்தாள். 13. பெரியப்பாவே ஒரு முறை வைத்துப் பார்த்தார். அவருக்கு 11 வந்தது.

12 டிகிரிக்குச் சக்கரம் உருளும் தூரம் 176 × 12 ÷ 360, அதாவது ஏறத்தாழ 6 செ.மீ. பத்தில் ஆறு போக மீதி நான்கு? சக்கரம் உருளாமல் கோடு நீண்ட அந்த 4 செ.மீ. சிவப்புக் காருடையது. வேறு வழியே இல்லை.

வெள்ளைக் கார் 6, சிவப்புக் கார் 4. இருவருமே நின்றுகொண்டிருக்கவில்லை!

இந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? கேட்க வேண்டிய கேள்விதான். பிளாஸ்டிக் மூடி முழுத் தட்டையாக இல்லை, நடுவில் சற்றுப் புடைத்திருந்தது. பெரியப்பா ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்திருந்ததால், சக்கரம் காரின் உடலுக்கு நேராக இல்லாமல் சாய்ந்து நின்றது. உண்மையில், ஒடித்ததால்தான் சக்கரத்தின் பின்விளிம்பு உடலைவிட்டு வெளியே துருத்திக்கொண்டு முதலில் பம்பரைத் தொட்டது. கோட்டின் அகலமே அரை சென்டிமீட்டர். எல்லாவற்றையும் சேர்த்து, கோணத்தில் 3 டிகிரி கூடவோ குறையவோ இருக்கலாம் என்று வைத்துக்கொண்டோம். அப்போது வெள்ளைக் காரின் பங்கு நாலரையிலிருந்து ஏழரை செ.மீ. வரை, சிவப்புக் காரின் பங்கு இரண்டரையிலிருந்து ஐந்தரை வரை எங்கும் இருக்கலாம். ஆறுக்கு நாலு என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்தப் பங்கும் சுழியாக இருக்க முடியாது. எங்களுக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

பொய் சொன்னது யார்?

அப்படியானால் இருவருமே பொய் சொன்னார்களா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன், காரணத்தோடு.

ரயில் நிலையத்தில் உங்கள் வண்டி நிற்கிறது. பக்கத்துத் தண்டவாளத்து ரயில் மெல்ல நகரத் தொடங்கியதும், நம் வண்டிதான் எதிர்ப்புறம் கிளம்பிவிட்டது என்று ஒரு கணம் ஏமாந்திருக்கிறீர்கள் அல்லவா? நம் உட்செவியில் அரைவட்டக் குழல்களும், சின்னஞ்சிறு சுண்ணக் கற்களைச் சுமக்கும் பைகளும் உண்டு. அவை உணர்வது வேகத்தை அல்ல, வேகத்தில் ஏற்படும் மாற்றத்தை. மாற்றம் மிக மெதுவாக இருந்தால் அவையும் உணராது. அப்போது மூளை கண்ணைத்தான் நம்புகிறது. கண்ணுக்குத் தெரிவதும் கலிலியோ சொன்னதுபோல் சார்பு நகர்வு மட்டுமே. அதை யார் கணக்கில் எழுதுவது என்பதை மூளை ஊகித்துக்கொள்கிறது. நான் நின்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருப்பவருக்கு, அடுத்த வண்டிதான் நகர்வதாகத் தெரியும்.

சிவப்புக் கார் தானியங்கி கியர் உள்ளது. அத்தகைய பல வண்டிகளில் பிரேக்கிலிருந்து காலைச் சற்றுத் தளர்த்தினாலே, ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஊரத் தொடங்கும். வெள்ளைக் கார் பழைய முறையிலானது. பெரியப்பா பின்பக்கம் திரும்பிப் பார்த்தபடி, கிளட்சைப் பாதி விட்டிருந்தார். வண்டி நகரத் தொடங்கும் அந்த இடம் காலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. மேலும் அவர் அமர்ந்திருந்தது வலப்பக்கம். முன்பக்க இடச் சக்கரத்தை அவர் பார்க்கவே முடியாது. பின்னோக்கி வரும்போது ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால், வண்டியின் வால் வலப்பக்கம் போகும், முகமோ இடப்பக்கம் விசிறும் என்பதும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. சைக்கிளில் இந்த அனுபவம் நமக்குக் கிடைப்பதில்லை அல்லவா!

நேரத்தையும் கணக்கிடுங்கள். இரண்டும் சேர்ந்து மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் நெருங்கின என்று கொண்டால், அது நொடிக்கு 28 செ.மீ. பத்து சென்டிமீட்டர் உரசலுக்கு ஆன நேரம் ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான். ஓசை காதில் விழுந்து, மூளை அறிந்து, கால் பிரேக்கை அழுத்துவதற்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். அதாவது இருவரும் பிரேக் போட்டு முடித்தபோது எல்லாம் நடந்து முடிந்துவிட்டது.

இதைச் சொன்னபோது சிவப்புக் காரின் சொந்தக்காரர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கைப்பிரேக் போட்டது நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா சத்தத்துக்கு முன்னாடி போட்டேனா, பின்னாடி போட்டேனான்னு இப்ப சத்தியமாச் சொல்ல முடியலை" என்றார்.

குற்றம் யாருடையது என்ற கேள்விக்கு இந்தச் சுருளி விடை சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நகர்ந்த தூரம் வேறு, குற்றம் வேறு. பின்னோக்கி ஓட்டுபவர், அதனால் எவருக்கும் இடரில்லை என்று உறுதி செய்துகொண்டே ஓட்டவேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அந்த வகையில் பெரியப்பாவின் பொறுப்பு கூடுதல். பின்விளக்கு எரியும் வண்டியின் பக்கத்தில், அது வெளியேறும்வரை காத்திராமல் நுழைந்தது மற்றவரின் அவசரம். இவற்றை நிறுத்துப் பார்ப்பது மனிதர்களின் வேலை. கோணமானிக்கு அதில் பங்கில்லை.

நாலாயிரத்தை எப்படிப் பங்கிட்டார்கள் என்று கேட்பீர்கள். பங்கிடவே இல்லை. மெருகேற்றும் பசையைத் தேய்த்துப் பார்க்கலாம், போகாவிட்டால் அப்புறம் வண்ணம் அடித்துக்கொள்ளலாம் என்று சிவப்புக் காரின் சொந்தக்காரரே சொல்லிவிட்டார். பெரியப்பா அந்தப் பெண்ணிடம் கோணமானியை வாங்கி, நான்காவது முறையாக அளந்துகொண்டிருந்தார். அவருக்கு எப்படியாவது 10 டிகிரிக்குக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

"மாமா, பந்தி முடியப் போகுது. கப்பை நானே மாட்டிடறேன், குடுங்க" என்றார் மற்றவர்.

பம்பரின் உயரம் சக்கரத்தின் மைய உயரத்தோடு ஒத்துப்போகாமல் இருந்தால் கோடு எப்படி விழுந்திருக்கும் என்று அந்தப் பெண் என்னைக் கேட்டாள். பேனாவை அளவுகோலிலிருந்து 7 செ.மீ.க்குப் பதில் 10 செ.மீ. தொலைவில் பிடித்துக்கொண்டு, இரண்டாவது சோதனையை மீண்டும் செய்து பார்க்கச் சொன்னேன். நீங்களும் செய்து பாருங்கள். அந்தக் கோடு மையத்தை அடையுமா?